உண்ட மருந்தின் பெயர் என்ன?

(வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)

வயதிலும் அனுபவத்திலும் என்னினும் மூத்தோர் பலர் கூடியிருக்கும் இச்சபையிலே, பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவனாகிய நான் வைத்திய விஷயமொன்றைப் பேசத் துணிந்தமைக்குத் தலைவர் அவர்களின் அன்புக் கட்டளையே காரணம். நோய்க்கு மருந்து சொல்லுதல் வைத்தியருடைய தொழில். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால், மருந்தை வாங்கி உண்பவனும் அவனுடைய வீட்டாரும் அறிந்திருக்கவேண்டிய சில உண்மைகள் உண்டு. அவற்றை அறியாதிருப்பதனால் உயிரும் கண்பார்வையும் போதல் கூடும். அவ்வுண்மைகளையே இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகளினாற் சிலருடைய தோலிலே உண்டாகும் கடுமையான கேடு. அன்ரிபயோட்டிக் என்று யாவரும் சொல்லும் இம்மருந்துகளை நுண்ணுயிர்க்கொல்லிகள் எனத் தமிழிற் கூறலாம்.

முதலில் இம்மருந்துகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனை நினைத்துக்கொள்வோம். 1928 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே அலெக்சாந்தர் பிளெமிங் என்பவர், ஒரு பூஞ்சணம் தன்னைச் சூழ்ந்த கிருமிகளை அழித்திருத்தலைக் கண்டார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின் முதலிய அறிஞர்கள் அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, 1941 இல் நோயாளருக்கு ஏற்றத் தொடங்கினர். அதற்கு முன்னரே, 1935 இல், ஜேர்மனியரான டோமாக் சல்பா வகை மருந்தின் ஆற்றலை உலகறியச் செய்திருந்தார். பிரசவத்தின்பின் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மாரும், சளிக்காய்ச்சலால் மாண்ட குழந்தைகளும், காலிலே முள்ளுத் தைத்துப் புண் புரையோடி மடிந்த உழவரும் முற்காலத்தில் எத்தனை பேர்! அவ்வித மரணங்களிற் பெரும்பாலானவற்றை இம்மருந்துகள் தடுத்தன. ஆகையால், நான் இனிச் சொல்லப்போவதைக் கேட்டு எவரும் இவற்றை வெறுத்தொதுக்குதல் கூடாது. கத்தி கையை வெட்டும் என்று கத்தியில்லாத அடுக்களையை யாரும் வைத்திருப்பதில்லை. கத்தியின் கூர் எந்தப் பக்கம் என்பதை அறிந்து வைத்திருக்கின்றோம்.

மருந்தினாலே தோலில் உண்டாகும் மாற்றங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. இவ்வேறுபாட்டை அறிதல் மிகவும் அவசியம்.

பெரும்பாலும் காணப்படுவது எளிய வகை. மருந்து தொடங்கி ஒரு வாரமளவில், சின்னமுத்துப் போன்ற சிவந்த புள்ளிகள் மார்பிலும் முதுகிலும் தோன்றிக் கை கால்களுக்குப் பரவும். கடி இருக்கும், சிறிது காய்ச்சலும் இருக்கலாம். வாயும் கண்ணும் நன்றாயிருக்கும். ஓரிரு வாரங்களில் இது தானே மறைந்துவிடும்.

இரண்டாவது வகை விரைந்து வருவது. மருந்து உட்சென்ற சில நிமிடங்களில், அல்லது ஒன்றிரண்டு மணித்தியாலத்துள், உடலெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும். உதடும் கண்மடலும் வீங்கும், மூச்சுத் திணறும், தலை சுற்றி மயக்கம் வரும். பெனிசிலின் ஊசிக்கு மக்கள் அஞ்சுவது இதன்பொருட்டே. இதற்கு அட்ரினலின் என்னும் ஊசிமருந்து உடனே வேண்டும். ஒரு கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

மூன்றாவது வகையே இன்றைய பேச்சின் மையம். இது மெல்ல வரும். வந்தபின் மிகக் கொடிது. மருந்து தொடங்கி நான்கு நாட்களின் பின், பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள், முதலிற் காய்ச்சலும் உடல் நோவும் தொண்டை நோவும் காணும். கண் சிவந்து எரியும். வாயின் உட்புறமும் உதடும் புண்ணாகி உணவு விழுங்க இயலாது போகும். பின்னர்த் தோலிலே கருஞ்சிவப்புப் பொட்டுக்கள் தோன்றும். அவை கடிப்பதைக் காட்டிலும் நோகும். நாளடைவில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கொப்புளமாகித் தோல் உரியத் தொடங்கும்.

1922 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து வைத்தியர்களான ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்னும் இருவர், இவ்வாறு காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண்ணழற்சியும் தோற்பொட்டுக்களும் ஒருங்கே கண்ட இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். அதனால் இந்நோய் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய் எனப் பெயர் பெற்றது. அந்நாளிற் பெனிசிலினும் இல்லை, சல்பாவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில தொற்றுக்களாலும் வேறு மருந்துகளாலும் இந்நோய் வருவதுண்டு. 1956 இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த தோல் வைத்தியரான அலன் லயல் என்பவர், கொதிநீர் கொட்டியதுபோல் உடலின் தோல் பெரும்பரப்பிலே கழன்றுபோன நால்வரைப் பற்றி எழுதினார். இவ்விரண்டும் ஒரே நோயின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. உடலின் மேற்பரப்பில் 10 வீதத்திற்குக் குறைவாக உரிந்தால் முன்னையது; 30 வீதத்திற்கு மேற்பட்டாற் பின்னையது; இடைப்பட்டது இரண்டுங் கலந்தது. ஒருவருடைய கைவிரல்களோடு சேர்ந்த உள்ளங்கையளவு அவருடைய மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு வீதம் எனக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இது அரிய நோய். பத்து இலட்சம் மக்களில் ஆண்டொன்றுக்கு ஒரு சிலருக்கே வருகின்றது. ஆனால், வந்தவர்களுள் சிறிய வடிவத்திற் பத்துப் பேருக்கு ஒருவர் வரையும், பெரிய வடிவத்தில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ இறக்கின்றனர். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண்ணின் கருவிழி வடுப்பட்டுப் பார்வை கெடுகின்றது. கிருமிக்கொல்லி மருந்துகளுள் இதனை அதிகமாக உண்டாக்குவது சல்பா வகை. சிறப்பாக, சல்பாமெதொக்சசோலும் டிரைமெதோபிரிமும் சேர்ந்த கோ-டிரைமொக்சசோல். பெனிசிலின் வகையாலும் பிற கிருமிக்கொல்லிகளாலும் இது வருவதுண்டாயினும் அதனிலும் குறைவு. வாதத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோலும், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன், பெனிற்றோயின் என்பனவும் இந்நோய்க்குப் பேர்போன காரணங்கள்.

இன்னுமொரு வகையும் உண்டு. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களிலே முகம் வீங்கி, காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டு, தோல் முழுதும் சிவந்து, ஈரல் பழுதுபடும். மருந்தை நிறுத்திய பின்னரும் இது வாரக்கணக்கில் நீடிக்கும். மருந்து முடிந்து பல நாட்களின் பின் வந்த நோயாயினும் மருந்தை மறந்துவிடலாகாது என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

இந்தக் கேடு சிலருக்கு மாத்திரம் ஏன் வருகின்றது? உடலைக் காப்பதற்கென இரத்தத்திலே உலாவும் வெண்கலங்களுள் ஒரு வகை, மருந்தைத் தாங்கிய நம் சொந்தத் தோற்கலங்களையே பகைவரென மயங்கித் தாக்குகின்றன. அவை பொழியும் கிரனுலைசின் என்னும் பொருளே தோற்கலங்களை மடியச் செய்வதிற் பெரும்பங்கு வகிக்கின்றது என 2008 இல் தாய்வான் தேசத்து ஆய்வாளர் காட்டினர். இம்மயக்கத்துக்கு ஆளாகும் தன்மை சிலருக்குப் பரம்பரையாக அமைந்திருக்கின்றது. குட்டநோய்க்குக் கொடுக்கும் டப்சோன் என்னும் கிருமிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனாற் காய்ச்சலும் தோற்கேடும் ஈரற்பழுதும் அடைவோரிற் பெரும்பாலோர் எச்.எல்.ஏ.–பி 13:01 என்னும் பரம்பரையலகு வகையை உடையவர்கள் என 2013 இல் சீன தேசத்து ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று. ஆகையால் இந்நோய் கண்டவர் எவ்விதக் குற்றமும் செய்தவரல்லர், பத்தியம் தவறியவருமல்லர். அவருடைய உடலுக்கும் அந்த ஒரு மருந்துக்கும் ஆகாது, அவ்வளவே.

பெரியோர்களே, இவ்விடத்தில் ஒன்றைத் தாழ்மையுடன் சொல்ல அனுமதி வேண்டுகின்றேன். ‘இங்கிலீசு மருந்து சூடு, உடம்பிலே பொட்டுப் பொட்டாக எழும்பினால் அது சூட்டினால் வந்தது, இளநீரைக் குடித்துக்கொண்டு குளிகையைத் தொடர்ந்து போடு’ என்று நம் வீடுகளிற் சொல்லுவதுண்டு. காய்ச்சலோடு பொட்டுக்கள் தோன்றினால், சின்னமுத்து என்றோ அம்மாள் வருத்தம் என்றோ எண்ணி, வேப்பிலை கட்டி, நோயாளியை அறையிற் கிடத்திவிடுவதும் உண்டு. இவை யாவும் அன்பினாற் செய்யப்படுவன. ஆயினும், தோற்கேட்டுக்குக் காரணமான குளிகை அதே வேளையில் மூன்று நேரமும் தவறாது உட்செல்லுமாயின், அவ்வன்பே நோயாளிக்கு எமனாக முடியும்.

இந்நோயில் ஒரு நாளின் பெறுமதி என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கின்றனர். பிரான்சிலே நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, உடலிலிருந்து விரைவிற் கழியும் மருந்துகளைப் பொறுத்தவரையில், காரணமான மருந்தை ஒரு நாள் முந்தி நிறுத்துந்தோறும் மரண அபாயம் ஏறத்தாழ 30 வீதம் குறைகின்றது என்று கூறுகின்றது. திங்கட்கிழமை நிறுத்துவதற்கும் வியாழக்கிழமை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாதல் கூடும்.

ஆதலால் பின்வரும் அடையாளங்களை ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். மருந்து உண்ணும் ஒருவருக்குத் தோலிற் பொட்டுக்கள் கண்டால், உடனே வாயைத் திறந்து பாருங்கள், கண்ணைப் பாருங்கள், சலம் போகும்போது எரிகின்றதா என்று கேளுங்கள், தோல் நோகின்றதா என்று கேளுங்கள். வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் நோவு, கொப்புளம், முகவீக்கம் என்பவற்றுள் ஒன்றேனும் இருந்தால் அடுத்த குளிகையைக் கொடாது, மருந்து உறையையும் கையிலெடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நாளைக்கு விடிந்தபின் பார்ப்போம் என்று இருத்தல் ஆகாது. இவற்றுள் ஒன்றும் இல்லாத எளிய பொட்டுக்களாயினும், மருந்து கொடுத்த வைத்தியரிடம் அன்றைக்கே காட்டி அவர் சொற்படி நடப்பதே முறை.

ஆஸ்பத்திரியிலே தீக்காயம் பட்டவரைப் பேணுவதுபோல இவரைப் பேணுவார்கள். தோலாகிய வேலி போய்விட்டமையால் உடலின் நீரும் வெப்பமும் வெளியேறும், கிருமிகள் உட்புகும். நீர் ஏற்றுதலும், புண்ணைத் தூய்மையாக வைத்தலும், கண் வைத்தியர் நாடோறும் கண்ணைப் பார்வையிடுதலும் முக்கியமானவை. 2024 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், ஜாக் தடுப்பான்கள் என்னும் மருந்து வகையைப் பெற்ற ஏழு நோயாளரும் பிழைத்தனர் என்ற நற்செய்தி காணப்படுகின்றது. ஏழு பேர் என்பது சிறு தொகையே. ஆயினும், இதுவரை உறுதியான மாற்றுமருந்து கண்டறியப்படாத இந்நோய்க்கு அது ஒரு நம்பிக்கையொளி எனலாம்.

இனி என் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, ‘என்ன மருந்து சாப்பிட்டீர்?’ என்பதே. நம்மவரிற் பலர் அதற்குக் கூறும் விடை, ‘வெள்ளைக் குளிகை’, ‘பெரிய குளிகை’, ‘சிவப்பும் கறுப்புமான கூடு’ என்பதாம். வெள்ளைக் குளிகை உலகத்தில் எத்தனையோ ஆயிரம்! சிறு கடதாசி உறையின்மேல் ‘காலை 1, இரவு 1’ என்று மாத்திரம் எழுதப்பட்ட குளிகைகள் நம் வீட்டு அலுமாரிகளிற் கிடக்கின்றன. எந்த மருந்து கேடு செய்தது என்று தெரியாவிட்டால் எந்த மருந்தை நிறுத்துவது? பிழைத்து வந்தபின்னர் எந்த மருந்தைத் தவிர்ப்பது?

பெயர் தெரிந்தும் ஏமாறும் வழி ஒன்றுண்டு. மருந்துக்கு இரு பெயர்கள்: உலகெங்கும் ஒன்றாயிருக்கும் பொதுப் பெயர் ஒன்று, விற்பவர் இட்ட வணிகப் பெயர் மற்றையது. செப்ட்ரின் என்பதும் பக்ட்ரிம் என்பதும் வேறு வேறு பெயர்கள். உள்ளிருப்பது ஒரே கோ-டிரைமொக்சசோல். அமொக்சிலால் அல்லற்பட்ட ஒருவர், ஓக்மென்ரின் வேறு மருந்து என்று எண்ணி உண்பாராயின், அதனுள்ளும் அதே அமொக்சிசிலின் இருப்பதை அறியமாட்டார். சல்பாவினாற் கடுமையான தோற்கேடு அடைந்தவர், தீப்புண்ணுக்குப் பூசும் வெள்ளிச் சல்பாடயசீன் களிம்பையும் தவிர்க்கவேண்டும். அது பூசுமருந்துதானே என்று எண்ணுதல் தவறு.

பொதுப் பெயரின் அருமையை உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமகன் ஒருவர் நம் நாட்டிலே வாழ்ந்தார். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977) அவர்களே அவர். மருந்துகள் பொதுப் பெயராலேயே எழுதப்படவும் வழங்கப்படவும் வேண்டும் என்று அவர் வகுத்த கொள்கையும், அதன்வழி 1970களில் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் பிற நாட்டாருக்கும் முன்மாதிரியாயின. ஏழைக்கு மருந்து மலிவாகக் கிடைத்தலே அவருடைய முதல் நோக்கம். ஆனால் பொதுப் பெயரை அறிந்தவன் பணத்தோடு உயிரையும் காத்துக்கொள்கின்றான் என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘எனக்குப் பெனிசிலின் ஆகாது’ என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்போர் பலர். மேல்நாடுகளிலே பத்துப் பேரில் ஒருவர் அவ்வாறு சொல்லுகின்றனர். அவர்களை முறைப்படி சோதித்தாற் பத்தில் ஒன்பது பேருக்கு அம்மருந்து ஒன்றுஞ் செய்வதில்லை. சிறுவயதிலே காய்ச்சலினாலே வந்த பொட்டுக்களை மருந்தின்மேற் பழிபோட்டவர்களும் உண்டு. உண்மையாகவே இருந்த ஒவ்வாமை ஆண்டுகள் செல்லச் செல்ல மறைந்துபோனவர்களும் உண்டு. சுரப்பிக் காய்ச்சல் என்னும் ஒரு வைரசு நோயுள்ளபோது அம்பிசிலின் கொடுத்தால் உடலெங்கும் பொட்டுக்கள் வரும் என்பது 1967 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்ட விஷயம். அது பெரும்பாலும் நிலையான ஒவ்வாமையன்று. இப்படி வீணாகப் பெனிசிலினை விலக்கியவர்களுக்கு விலை கூடியதும் வேறு பல கிருமிகளையும் தாக்குவதுமான மருந்துகளைக் கொடுக்க நேரிடுகின்றது. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. ஆகவே, ‘ஆகாது’ என்ற ஒரு சொல் போதாது. எப்பொழுது, எத்தனையாவது நாளில், எவ்வாறு ஆகாது போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். ஐயமானால் வைத்தியரே சோதித்து முடிவு செய்வார். தோல் உரிந்த கடும் நோய் ஒருமுறை வந்தவருக்கோ, அந்த மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒருகாலும் ஆகாது. இவ்விரு சாராரையும் வேறுபிரித்து அறிய உதவுவது எழுதிவைத்த குறிப்பு ஒன்றே.

வாலிப அன்பர்களே, பேச்சோடு நின்றுவிடாமல் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். வீட்டுக்கு ஒரு சிறு கொப்பி போதும். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஐந்து விஷயங்களை எழுதிவைப்போம்: உண்ட மருந்தின் பொதுப் பெயர், எந்நோய்க்காக உண்டது, தொடங்கிய தேதி, தோலில் மாற்றம் கண்டால் அந்தத் தேதி, வாய், கண், தோல் என்பவற்றில் நேர்ந்தது யாது. கடும் நோய் வந்தவர் அம்மருந்தின் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு எப்பொழுதும் வைத்திருக்கட்டும். மருந்து தரும் இடத்திலே, ‘இதன் பெயரை எழுதித் தாருங்கள்’ என்று பணிவோடு கேட்போம், கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. மிச்சமிருக்கும் குளிகைகளை அயலவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். அது கொடையாகத் தோன்றினாலும், பெயரறியா மருந்தை உடலறியா ஒருவருக்குக் கொடுப்பதாகவே முடியும்.

நம் கிராமங்களிலே எழுத்தறியாத முதியோரும் கண்மங்கிய பாட்டன் பாட்டிமாரும் உள்ளனர். சங்கத்து இளைஞர் இருவர் இருவராகச் சென்று அவர்களுக்கு இக்கொப்பியை எழுதிக் கொடுத்தல் சிறந்த தொண்டாகும். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கின்றதே என்று சிலர் தயங்கலாம். அமெரிக்க மிஷன் வைத்தியரான டாக்குத்தர் கிறீன், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். வைத்தியக் கல்வி முழுவதையும் தாங்கிய தமிழுக்கு ஒரு குளிகையின் பெயர் பாரமாகாது. கோ-டிரைமொக்சசோல் என்பதைத் தமிழெழுத்திலேயே எழுதி வாசித்துக் காட்டுங்கள். இரண்டு முறை சொன்னால் எந்தப் பாட்டிக்கும் அது வாயில் வந்துவிடும்.

கொப்பியும் பேனாவும் எல்லோர் வீட்டிலும் உண்டு. முதற் பக்கத்தை இன்றிரவே எழுதத் தொடங்குவோமாக.